இது ஆரின்ரை?

அவர் எனக்கு ஒரு பை விற்றார். அதற்கு முன்னால் மூன்று பைகளை விற்க மறுத்தார். கடையில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒருவர் இப்படிச் செய்யலாமா என்று எனக்கு நியாயமான சந்தேகம் இருந்தது. கடை மேலாளருக்கும் அதே சந்தேகம் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

நியூசிலாந்தில், ஆக்லாந்தின் பென்ரோஸ் பகுதியில் கிடங்குகளுக்கும் டயர் கடைகளுக்கும் நடுவே, மலை நடை போகிறவர்களுக்கான சாமான் விற்கும் பெரிய கடை அது. கூடாரம், அடுப்பு, பூட்ஸ், மழைச்சட்டை எல்லாம் முன்பக்கம். முதுகுப் பைகள் கடைசிச் சுவரில் வரிசையாகத் தொங்கும். அந்தச் சுவருக்கு அவர்தான் பொறுப்பு. யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் எப்போதும் ஒரு அளவு நாடா. வலது தோள் இடது தோளைவிட ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கும். ஊரார் முதுகையெல்லாம் நேராக்குகிறவருக்கு இது எப்படி வந்தது என்று முதல் நாளே எனக்குத் தோன்றியது. ஆனால் நான் கேட்கவில்லை.

அவர் பெயர் சட்டையில் குத்தியிருந்தது. ஆக்லாந்தில் எங்களுக்குத் தெரிந்த தமிழர்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் பைக்கார அக்காதான். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

நான் எதற்கு அங்கே போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மென்பொருளில் குறை கண்டுபிடிக்கும் வேலை. மனுகாவில் அலுவலகம். என்னென்ன கெட்டுப்போகலாம் என்று யோசிப்பதற்காக இருபது வருடமாகச் சம்பளம் வாங்குகிறேன். அந்தப் புத்தி அலுவலகத்தோடு நிற்காமல் கைப்பைக்குள்ளும் வந்துவிட்டது. ஊசி, நூல், சேஃப்டி பின், தலைவலி மாத்திரை, ஓமத்திரவம், சார்ஜர், சார்ஜருக்கு இன்னொரு சார்ஜர். எந்தக் கல்யாணத்தில் யாருக்கு என்ன அறுந்தாலும் கிழிந்தாலும், "அவகிட்ட இருக்கும்" என்பார்கள். இருக்கும். அந்த இரண்டு வார்த்தைக்காக நான் எத்தனை கிலோ தூக்கினேன் என்பது என் முதுகெலும்பில் கீழிருந்து இரண்டாவது வட்டுக்குத்தான் தெரியும்.

அந்த வட்டு ஒரு நாள் விலகியது. மூன்று மாதம் படுக்கை. எழுந்த பிறகும் வீட்டில் பால் கேனைக்கூட என்னைத் தொடவிடவில்லை. கடைக்குப் போனால் என் கணவர் இரண்டு கையிலும் பைகளோடு முன்னால் போவார். நான் பின்னால் ரசீதை மட்டும் எடுத்துக்கொண்டு போவேன். பிசியோதெரபி பார்த்தவர், நடப்பது நல்லது, அளவான சுமை தூக்கலாம், ஆனால் இன்னொரு முறை விலகினால் ஆபரேஷன்தான் என்றார். வீட்டில் எல்லோருக்கும் கடைசிப் பகுதி மட்டும் காதில் விழுந்தது.

அப்போதுதான் சனிக்கிழமை காலைகளில் என்னோடு நடக்கும் இரண்டு பேர், கோயம்புத்தூர் மாலதியும் மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்த லீலாவும், மூன்று நாள் டிராம்பிங் போகலாம் என்றார்கள். காட்டில் நடந்து, இரவு மலைக் குடிலில் தங்கி, அவரவர் சுமையை அவரவர் தூக்கிப் போகும் நடை. "நானும் வர்றேன், உன் பையையும் நானே தூக்கிக்கிறேன். நீ கை வீசிக்கிட்டு வா" என்றார் கணவர். நல்ல மனிதர். அதனால்தான் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது. மூன்று நாள், என் சுமையை நானே தூக்கி, முழுசாக வீடு திரும்ப வேண்டும். அது மட்டும் நடக்கவில்லை என்றால் மிச்ச ஆயுளுக்கும் நான் அந்த வீட்டில் கண்ணாடிப் பாத்திரம்.

ஆகவே கடைக்குப் போய் எழுபது லிட்டர் பை ஒன்றைக் காட்டி, அதை எடுத்துத் தரச் சொன்னேன்.

"எத்தினை நாள் போறியள்?" என்றார் பைக்கார அக்கா.

"மூணு நாள்."

"எத்தினை பேர்?"

"மூணு பேர்."

"மூண்டு பேரின்ரையும் நீங்களே தூக்கப் போறியளோ?"

"இல்லக்கா. பெரிசா இருந்தா பின்னாடி உதவும்ல."

அவர் கழுத்திலிருந்து நாடாவை எடுத்தார். தலையைக் குனியச் சொன்னார். கழுத்தின் அடியில் துருத்தும் எலும்பில் நாடாவின் ஒரு நுனியை வைத்தார். என் இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் வைக்கச் சொல்லி, கட்டைவிரல்கள் சந்திக்கும் இடம் வரை அளந்தார். ஐந்தடி ஐந்தங்குலம் உயரமான எனக்கு முதுகு குட்டையாம், கால்தான் நீளமாம். நாற்பத்தெட்டு வயது வரை யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள்கூடக் கவனிக்கவில்லை.

"இது உங்களுக்குச் சரிவராது. நான் தரமாட்டன்."

"அப்ப அறுபத்தஞ்சு?"

"அதுவும் இல்லை."

"அம்பத்தஞ்சு?"

"தங்கச்சி, பை பெரிசெண்டா நீங்கள் நிரப்புவியள். இடம் கிடந்தா உங்களாலை சும்மா விட ஏலாது. முகத்திலை எழுதிக் கிடக்கு. வாற சனிக்கிழமை, கொண்டுபோற சாமான் எல்லாத்தையும் கட்டிக்கொண்டு வாங்கோ. பார்ப்பம்."

வீட்டுக்குப் போய், அந்தம்மாவுக்கு ரொம்பத் திமிர் என்றேன். எந்தம்மா என்று கணவர் கேட்டார். நான் சாமான் கட்ட ஆரம்பித்தேன்.

பைக்கார அக்கா இந்தக் கடைக்கு வருவதற்கு முன்னால் மங்கரேயில், விமான நிலையத்தில் பெட்டி எடை போட்டு அனுப்பும் இடத்தில் எட்டு வருடம் வேலை பார்த்தவர். எங்கள் ஆட்களின் பெட்டிகளை உள்ளும் புறமும் பார்த்தவர். இரண்டு கிலோ கூடிவிட்டது என்றதும் தரையிலேயே பெட்டியைத் திறந்து போடுவோம். மூன்று ஸ்வெட்டரை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, கோட்டுப் பையில் சாக்லேட் டப்பாவைத் திணித்துக்கொண்டு கோடைப் புழுக்கத்தில் வரிசையில் நிற்போம். இந்தப் பெட்டியை நீங்களேதான் அடுக்கினீர்களா, இதில் உள்ளதெல்லாம் உங்களுடையதா என்று அவர் ஒவ்வொருவரையும் கேட்டாக வேண்டும். நம்மவர்கள் எல்லோரும் ஆமாம் என்போம், ஓம் என்போம். பெட்டிக்குள் பாதி பக்கத்து வீட்டுக்காரர் மருமகளுக்குக் கொடுத்தனுப்பிய பார்சலாக இருக்கும்.

"எட்டு வருசம் எல்லாரும் எனக்குப் பொய் சொன்னவை. அங்கை ஒண்டும் செய்ய ஏலாது. இங்கை பையைக் குடுக்காமல் விடலாம்" என்று ஒரு முறை சொன்னார். வேலை மாறியதற்கு வேறு காரணம் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை நான் என் மூட்டையோடு போனபோது, எனக்கு முன்னால் ஐடி வேலை பார்க்கும் இரண்டு இளைஞர்கள் நின்றார்கள். சென்னைப் பக்கம். ஒருவர் கையில், பெட்டியைக் கொக்கியில் மாட்டி எடை பார்க்கும் கருவி. நம் வீடுகளில் கடவுள் படம் இருக்கிறதோ இல்லையோ, அது இருக்கும்.

"பதினெட்டு கிலோ வரைக்கும் தாங்கும்னு இதுல போட்டிருக்குக்கா. இப்ப பதினேழரைதான் வருது. இன்னும் அரைக் கிலோ வைக்கலாம்" என்றார் அவர், திருப்தியாக.

"பை தாங்கும். நீர்?"

"நான் ஜிம் போறேன்கா."

"இருபத்துமூண்டு கிலோவைப் ப்ளேன் தூக்கும். நீர் ப்ளேனோ?"

அவர்கள் முதுகில் மணல் மூட்டை வைத்த பையைக் கட்டி, கடைக்குள் சுற்றிவர அனுப்பினார். கூடாரங்களைத் தாண்டி, அடுப்புகளைத் தாண்டி, பணம் கட்டும் இடத்தைச் சுற்றி, திரும்ப பைச் சுவர். பத்தாவது சுற்றில் ஜிம் போகிறவர் எடைக் கருவியை மெதுவாகச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்தப் பக்கம் வந்த மேலாளர், நல்ல உயரமான வெள்ளைக்காரர், இவர்களைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் பூட்ஸ் பக்கம் போய்விட்டார்.

பிறகு என் முறை. ஒரு கம்பளத்தை விரித்து என் மூட்டையைப் பிரித்தார். ஒவ்வொரு சாமானாக எடுத்து, ஒரே கேள்வியை ஒரே குரலில் கேட்டார்.

"இது ஆரின்ரை?"

யாருடையது என்பதைத்தான் அப்படிக் கேட்டார். அது ஒரு ஜோடி கனமான சாக்ஸ்.

"லீலாவுக்கு. அவளுக்குக் கால்ல கொப்புளம் வரும்."

"இது ஆரின்ரை?"

"மாலதிக்கு. குளிர் தாங்கமாட்டா, வெந்நீர்ப் பை."

"இது?"

"அது மூணு பேருக்கும் புளிக்காய்ச்சல். அது எக்ஸ்ட்ரா மழைச்சட்டை, யாராவது மறந்துட்டு வந்தா."

"இது?"

"எக்ஸ்டென்ஷன் வயர்."

"மலைக் குடிலிலை கரண்ட் இல்லை."

"ஒருவேளை இருந்தா?"

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். சிரிக்கவில்லை. வயரைச் சுருட்டி இடது பக்கம் வைத்தார். அப்படியே போய்க்கொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் கம்பளத்தில் இரண்டு குவியல்கள். வலது பக்கம் என்னுடையது. ஒரு ஸ்லீப்பிங் பேக், மாற்றுத் துணி ஒன்று, மழைச்சட்டை, தட்டு, தம்ளர், சாப்பாடு, என் மாத்திரை. இடது பக்கம் மற்றவர்களுடையது. அது இரண்டு மடங்கு உயரம்.

"இந்தப் பக்கத்துக்குத்தான் உங்களுக்கு எழுபது லிட்டர் தேவைப்பட்டது" என்றார் இடது குவியலைக் காட்டி. "அவையள் இதையெல்லாம் கேட்டவையோ?"

யோசித்துப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. ஒருவர்கூட, ஒன்றைக்கூட. எனக்கு அழுகை வந்துவிட்டது. டிஷ்யூ வேண்டும் என்று தேடினேன். அது இடது குவியலில் இருந்தது.

அவர் அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, நான் மூக்கைச் சிந்தி முடிக்கும்வரை நாற்பது லிட்டர் பை ஒன்றின் வார்களைத் தளர்த்திக்கொண்டிருந்தார். வலது குவியலை அதில் அடுக்கினார். கனமானது முதுகை ஒட்டி நடுவில், மெத்தென்றிருப்பது அடியில். என் முதுகில் ஏற்றி, முதலில் இடுப்புப் பட்டையை எலும்பின் மேல் உட்காரவைத்து இறுக்கினார். பிறகுதான் தோள் வார். பிறகு தோளுக்கு மேலே பையை உடம்போடு இழுத்துப் பிடிக்கும் சின்ன வார். கடைசியாக மார்புப் பட்டை. ஒவ்வொன்றையும் இழுக்கும்போது பாரம் தோளை விட்டுக் கீழே இறங்குவது தெரிந்தது. யாரோ பின்னாலிருந்து பையைத் தாங்கிப் பிடித்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் இரண்டடி தள்ளிக் கைகட்டி நின்றார்.

"இப்ப எப்பிடி?"

"கனக்கலைக்கா."

"கனக்கும். ஆனா உங்கடை கனம்தான் கனக்கும். போய் நடவுங்கோ."

நாற்பது நிமிடம் கடைக்குள் நடந்தேன். பிறகுதான் விற்றார். ஒரு வாரம் வீட்டிலும் போட்டுக்கொண்டு நடக்கச் சொன்னார். நான் பையோடு சாம்பார் வைத்தேன், பையோடு துணி காயப்போட்டேன். கணவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். கல்லூரியில் படிக்கும் என் மகள்தான் மாடியிலிருந்து இறங்கி வந்து என்னைப் பார்த்துவிட்டு, "மம், ஆர் யூ லீவிங் டாட்?" என்று கேட்டாள். இப்போதைக்கு இல்லை என்றேன்.

அந்த வாரத்தில்தான் அக்காவை வேறு ஓரிடத்தில் பார்த்தேன். என் அலுவலகத்தில் வேலை செய்யும் மன்னார்க்காரர் ஒருவரின் அம்மா இறந்துபோனார். மாதா கோயிலில் பூசை முடிந்து, சவப்பெட்டியை ஆறு ஆண்கள் தோளில் ஏற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். பின்னால் இரண்டு நெடியவர்கள். நடுவில் ஒரு பக்கம் ஒரு குள்ளமான மாமா, அவர் தோள் பெட்டியைத் தொடவே இல்லை. மரியாதைக்குக் கையை மட்டும் தூக்கிப் பிடித்திருந்தார். முன்னால் இறந்தவரின் மகன், என் அலுவலக நண்பர், முகமெல்லாம் வியர்த்து, ஒரு பக்கம் சாய்ந்து வந்தார்.

கூட்டத்திலிருந்து கறுப்புச் சேலையில் பைக்கார அக்கா வெளியே வந்தார். தோளில் பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய கைப்பை. நேராகப் பெட்டிக்கு முன்னால் போய்க் கையைக் காட்டி நிறுத்தினார். ஃபாதரும் நின்றுவிட்டார்.

"கீழை இறக்குங்கோ."

இறக்கினார்கள். அந்தக் குரலுக்கு யாராக இருந்தாலும் இறக்கியிருப்பார்கள்.

"பாரம் முழுக்க இந்தத் தம்பியின்ரை ஒரு தோளிலை கிடக்கு. அம்மாவைக் கடைசியாத் தூக்கிற நாளிலை நாரி இடுப்பெல்லாம் பிடிச்சு விழப்போறார். உயரமான ஆக்கள் ரெண்டு பேரும் முன்னுக்கு வாங்கோ. படி இறங்கேக்கை முன்பக்கம் தாழும். ஒரே உயரம் ஒரே வரிசையிலை வரோணும். மாமா, நீங்கள் பூவளையத்தைத் தூக்குங்கோ."

மாமாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பூவளையத்தை வாங்கிக்கொண்டார். அவர்கள் மறுபடி ஏற்றியபோது பெட்டி நீர் மட்டம் பார்த்து வைத்தது போல இருந்தது. என் நண்பர் நிமிர்ந்து நடந்தார். அழக்கூட அப்போதுதான் அவருக்கு முடிந்தது என்று பிறகு என்னிடம் சொன்னார். அதுவரை விழுந்துவிடக் கூடாது என்பது மட்டும்தான் மனதில் இருந்ததாம்.

நடைக்குப் போனோம். முதல் நாள் நல்ல வெயில், ஏற்றம். முதுகைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டு நடந்தேன். மலைக் குடிலில் கரண்ட் இல்லை என்பதை உள்ளே போனதும் எல்லாச் சுவரிலும் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

இரண்டாம் நாள் மழை. ஓர் ஓடையைத் தாண்டும்போது மாலதியின் பூட்ஸ் அடிப்பாகம் வாயைப் பிளந்துகொண்டது. அவள் ஒரு பாறையில் உட்கார்ந்து, நிமிர்ந்தே பார்க்காமல் என் பக்கம் கையை நீட்டினாள். பதினைந்து வருடப் பழக்கம்.

"கயிறோ டேப்போ ஏதாவது குடு."

"இல்லை" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். லீலாவும் திரும்பிப் பார்த்தாள். மழை பெய்துகொண்டிருந்தது.

"இல்லையா?" என்றாள் மாலதி, என் உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது போல.

"இல்லை. கொண்டு வரலை."

அந்த நிமிடம் இவர்கள் இருவரையும் காட்டில் கொண்டுவந்து கொன்றுவிட்டேன் என்று நிஜமாகவே நினைத்தேன். அந்த அக்காவை மனதுக்குள் திட்டினேன். அப்போது லீலா தன் ஊன்றுகோலைக் குறுக்கே பிடித்து, அதில் சுற்றியிருந்த வெள்ளி நிற டேப்பை உரித்து எடுத்தாள். மாலதியின் பூட்ஸை நாலு சுற்று சுற்றினாள். இரண்டு நிமிட வேலை.

"எப்பருந்து வச்சிருக்கே?" என்றேன்.

"எப்பவும் வச்சிருப்பேன் லா. நீதான் எப்பவும் முதல்ல எடுத்து நீட்டிடுவ. என்னை யாரும் கேட்டதில்ல."

எனக்கு வலித்தது. முதுகில் இல்லை. நான் இல்லாவிட்டாலும் இவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்பது இவ்வளவு எளிதாகத் தெரிந்துபோனதில் வலித்தது. அடுத்த ஒரு மணி நேரம் அவர்களுக்கு முன்னால் தனியாக நடந்தேன். அதற்குப் பிறகு, எப்போது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை, காட்டைப் பார்க்க ஆரம்பித்தேன். பெரணிகள் ஆள் உயரத்துக்கு நின்றன. முதல் நாளும் அங்கேதான் நின்றிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் மதியம் இறங்கியபோது கணவர் காரோடு காத்திருந்தார். ஓடிவந்து பைக்குக் கை நீட்டினார். நானே டிக்கியில் வைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்ததால் ஊன்றுகோலை மட்டும் கொடுத்தேன். வட்டு அதன் இடத்திலேயே இருந்தது.

இதைப் பைக்கார அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று அடுத்த வாரம் வேலை முடிந்து கடைக்குப் போனேன். மாலை ஐந்தரை, கடையை மூடியிருந்தார்கள். எதிரே பஸ் நிறுத்தத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். அந்தப் பழுப்புக் கைப்பை வலது தோளில். உட்கார்ந்திருக்கும்போதும் கழற்றவில்லை. தோள் தாழ்ந்து கிடந்தது.

நான் நடந்த கதையை முழுக்கச் சொன்னேன். ஓம், ஓம் என்று கேட்டார். டேப் விஷயத்துக்கு மட்டும் லேசாகச் சிரித்தார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபோது அந்தப் பையை ஓரமாக நகர்த்தப் பார்த்தேன். நகரவில்லை.

"என்னக்கா இது, இவ்வளவு கனம்?"

"சும்மா சாமான்."

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததென்று தெரியவில்லை. பையை அவர் தோளிலிருந்து கழற்றி, பஸ் நிறுத்தப் பலகையில் வைத்துத் திறந்தேன். அவர் தடுக்கவில்லை.

"இது யாரோடது?" என்றேன். ஒரு கட்டு மாத்திரை அட்டைகள்.

"பக்கத்து வீட்டு மாமியின்ரை. அவவுக்குக் கடைக்குப் போக ஏலாது."

"இது?"

"ஃபாதரின்ரை கண்ணாடி. காம்பு உடைஞ்சு திருத்தக் குடுத்தது."

"இது?"

"அண்டைக்குச் செத்த அம்மாவின்ரை நினைவு அட்டை. முன்னூறு இருக்கு. அச்சடிச்ச இடத்திலை வாங்கினனான்."

அடுத்து ஒரு பார்சல், வெள்ளிக்கிழமை கொழும்புக்குப் போகும் யாரோ ஒருவரிடம் கொடுக்க வேண்டியது. விமான நிலையத்தில் எட்டு வருடம் வேலை பார்த்தவர் கையில் அது இருந்தது. கூட வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண்ணின் சீருடை, கீழ்மடிப்புத் தைக்க. யாருடைய விசாவுக்கோ மொழிபெயர்க்க வேண்டிய காகிதக் கட்டு. பெரிய வளையத்தில் ஒரு சாவி, மங்கரேயில் மாதா கோயில் மண்டபத்தினுடையது. சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கு அவர்தான் திறந்துவிடுவார்.

"இதுல அக்காவோடது எது?"

அவர் குனிந்து நிஜமாகவே தேடினார். பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் கையை விட்டு பஸ் கார்டை எடுத்தார்.

"இது என்ரை."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை பேரை அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்திக் கேட்டிருப்பார். வீட்டுக்குப் போகும்போது ஒரு நாளாவது தன்னைக் கேட்டதில்லையா என்று அவர் மேல் கோபமாக வந்தது. பாவமாகவும் இருந்தது.

"பாதியை எடுத்து வச்சிடுங்கக்கா."

"வைக்கலாம்" என்றார், பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு. "ஆரிட்டைக் குடுக்கிறது?"

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. முதுகு அளந்து சொல்லும் அதே குரல்தான். சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அந்த மண்டபம் என் வீட்டிலிருந்து நாலு தெருதான் என்பது மட்டும் நினைவுக்கு வந்தது.

"சாவியைக் குடுங்க" என்றேன்.

"உங்களுக்கு நாரி" என்றார், என் இடுப்பைக் காட்டி.

"அக்கா, இது சாவி."

"சாவியிலை கனம் இல்லை, தங்கச்சி. சனிக்கிழமை ஒம்பதரைக்கு முந்திப் போய் நிக்கோணும். மழையெண்டாலும் போகோணும். இருபது பிள்ளையள் வாசலிலை நிப்பினம். கனம் அதிலைதான். யோசிச்சுக் கேளுங்கோ."

"யோசிச்சுத்தான் கேக்கறேன். குடுங்க."

வளையத்திலிருந்து சாவியைக் கழற்ற அவருக்கு வெகு நேரம் பிடித்தது. பஸ் வந்தது. ஏறப் போனவர் திரும்பி, என் கைப்பையின் வாரை இரண்டு ஓட்டை மேலே ஏற்றி மாட்டிவிட்டு ஏறினார். ஓட்டுநர் பொறுமையாகக் காத்திருந்தார். அவருக்கும் அது பழகியிருந்தது போல.

அடுத்த வருடம் அவர் மெல்பர்னுக்குத் தங்கையிடம் போய்விட்டார். விமான நிலையத்துக்கு நான் போயிருந்தேன். ஒரு பெட்டி, பன்னிரண்டு கிலோ. அதில் எவ்வளவு அவருடையது என்று கேட்கவில்லை. அவரும் என்னிடமிருந்து சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை. அந்தக் கடையில் இப்போது பைச் சுவருக்குப் பக்கத்தில் ஒரு கணினித் திரை வைத்திருக்கிறார்கள். உயரத்தைத் தட்டினால் லிட்டர் சொல்கிறது. மேலாளர் நிம்மதியாக இருக்கிறார்.

எங்கள் நடை ஞாயிற்றுக்கிழமைக்கு மாறிவிட்டது. சனிக்கிழமை ஒன்பது இருபதுக்கு நான் மண்டப வாசலில் நிற்கிறேன். முருகனைக் கும்பிடுகிறவள், மாதா சிலையைத் தாண்டி உள்ளே போய் விளக்கைப் போட்டு, ஹீட்டரைப் போட்டு, நாற்காலிகளை விரிக்கிறேன். நாற்காலிகளை இரண்டிரண்டாகத்தான் தூக்குவது. இரண்டு கைக்கும் சமமாக.

போன மாதம் கோயிலுக்குப் புதிதாக வந்திருக்கும் ஃபாதர், பொட்டு வைத்த ஒருத்தி வாரா வாரம் சாவியோடு வருவது அவருக்கு விநோதமாகத் தோன்றியிருக்க வேண்டும், பக்கத்தில் வந்து நின்று, சாவியைக் காட்டி மரியாதையாக விசாரித்தார். அவரும் யாழ்ப்பாணம்தான்.

"அம்மா, குறை நினைக்காதையுங்கோ. இந்தத் திறப்பு ஆரின்ரை?"

"என்னோடதுதான் ஃபாதர்" என்றேன்.